ஹார்ட் பம்பிங் 30%, தூக்கத்தில் அப்பாவுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. மெஷின் வாங்கலாமா?

கொள்ளிடக்கரை | திங்கள், இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. போன ஆடியில் மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கடைசி எக்கோவில் ஹார்ட் பம்பிங், அதாவது இதயத்தில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படும் பங்கு, 30% என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறார். சாயங்காலம் ஆனால் கால் கொஞ்சம் வீங்கும்.

இப்போது கவலை அவருடைய தூக்கம். அம்மா சொன்னதால் நேற்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்தேன். மூச்சு முதலில் மெல்ல வருகிறது. ஒவ்வொரு மூச்சும் முந்தியதைவிடப் பெரிதாகி, மார்பு தூக்கித் தூக்கிப் போடுகிற அளவுக்கு வேகம் எடுக்கிறது. அப்புறம் சிறுத்துக்கொண்டே வந்து ஒரேயடியாக நின்றுவிடுகிறது. நிற்கும்போது மார்பும் சரி, வயிறும் சரி, அசைவதே இல்லை. வீடியோவில் நேரம் பார்த்தால் 20, 25 விநாடி. பிறகு மறுபடியும் முதலில் இருந்து அதே மாதிரி. குறட்டை பெரிதாக இல்லை. மூச்சு வேகமெடுக்கும் நேரத்தில் சில சமயம் விழித்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பகலில் தூங்கி வழிவதில்லை, சோர்வு மட்டும் இருக்கிறது.

துபாயில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே யாரோ பயன்படுத்திய மெஷின் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். ஏ.எஸ்.வி. மெஷினாம், மூச்சுக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைத்துத் தருமாம். மாஸ்க் வழியாக ஒரே அழுத்தத்தில் காற்று தரும் சாதாரண சிபேப்பைவிட உயர்ந்த ரகமாம். இதய டாக்டரிடம் அடுத்த மாதம்தான் தேதி. அதற்குள் வாங்கிப் போட்டுவிடலாமா? அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மலைக்கோட்டை | திங்கள், இரவு 11:52

சகோதரி, யோசிக்காமல் வாங்குங்கள். எனக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு. சிபேப் மாட்டிய முதல் வாரத்திலேயே காலைத் தலைவலி போயிற்று, பிரஷர் மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்கள். மூச்சு நிற்பது சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஆக்சிஜன் இறங்கும், இதயத்துக்குச் சுமை ஏறும். ஒரு மாதம் காத்திருப்பதெல்லாம் ரொம்ப அதிகம்.

உறக்கக்கூடம் | செவ்வாய், காலை 6:10

சகோதரி, அந்த மெஷினை வாங்க வேண்டாம். பணம் அனுப்பவில்லை என்றால் அப்படியே நிறுத்திவையுங்கள்.

நான் கோவையில் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் டெஸ்ட், எடுக்கும் டெக்னீஷியன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி ரொம்ப முக்கியமானது: மூச்சு நிற்கும்போது மார்பும் வயிறும் அசைவதே இல்லை என்கிறீர்கள். மலைக்கோட்டை அண்ணனுக்கு இருப்பது தொண்டை அடைப்பு. அந்த வகையில் மூளை மூச்சுவிடச் சொல்லும், மார்பும் வயிறும் இழுத்துப் போராடும், ஆனால் தொண்டையின் சதை தளர்ந்து வழியை மூடியிருப்பதால் காற்று போகாது. கடைசியில் பெரிய குறட்டையோடு திறக்கும். உங்கள் அப்பாவுக்கு வழி திறந்திருக்கலாம். மூச்சுவிடச் சொல்லும் கட்டளையே மூளையிலிருந்து வராமல் இருக்கலாம். இதை சென்ட்ரல் வகை என்போம். ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறும் அந்தத் தாளத்துக்கு செயின் ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். 1818ல் ஜான் செயின், 1854ல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்று டப்ளின் நகரத்து மருத்துவர்கள் இருவர் எழுதிவைத்தது. இதயம் பலவீனமானவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பது.

எங்கள் திரையில் இதைப் பார்த்தால் உடனே தெரியும். மூச்சுக் கோடு ஏறி இறங்கி நேர்கோடாகிவிடும். ஆனால் விரலில் மாட்டிய ஆக்சிஜன் கோடு அப்போது இறங்காது. மூச்சு திரும்ப வந்து, பலமாக இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அது அடிமட்டத்துக்குப் போகும். நுரையீரலில் இருந்து விரல் நுனிக்கு ரத்தம் போய்ச்சேர அவ்வளவு நேரம் ஆகிறது என்று அர்த்தம். பம்பிங் எவ்வளவு குறைவோ அவ்வளவு தாமதம்.

இந்த வகையில், அதுவும் பம்பிங் 45%க்குக் கீழே இருப்பவருக்கு, ஏ.எஸ்.வி. மெஷின் மாட்டக் கூடாது. இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. 2015ல் பெரிய ஆய்வு ஒன்று அப்படி முடிந்தது. டாக்டர்கள் யாராவது வந்தால் விளக்கமாகச் சொல்வார்கள்.

இன்னொன்று. பயன்படுத்திய மெஷின் எதுவாக இருந்தாலும் கவனம் வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரைப் பஞ்சு நைந்து, துகள்கள் மூச்சோடு போகும் அபாயம் இருந்தது. அந்த மெஷின்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம்.

மலைக்கோட்டை | செவ்வாய், காலை 7:35

தம்பி, வகை வேறு என்பது சரி. ஆனால் ஆக்சிஜன் இறங்குவது இரண்டிலும்தானே? ஏ.எஸ்.வி. மெஷின் மூச்சு நிற்கும்போது தானே காற்றைத் தள்ளி மூச்சுவிட வைக்கும் என்று படித்திருக்கிறேன். மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டால் எப்படிக் கெடுதல் வரும்? சும்மா பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்வது எனக்குப் புரியவில்லை.

இடதுகீழறை | செவ்வாய், மதியம் 2:15

இதய நோய் மருத்துவன். ஓ.பி. முடித்துவிட்டு எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை கேட்ட அதே கேள்வியைத்தான் உலகம் முழுக்க மருத்துவர்களும் கேட்டார்கள். மூச்சை ஒழுங்குபடுத்தினால் இதயம் தேறும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதை உறுதிப்படுத்த நடந்ததுதான் சர்வ்-ஹெச்.எஃப். ஆய்வு. பம்பிங் 45% அல்லது அதற்கும் குறைவாக உள்ள, பெரும்பாலும் சென்ட்ரல் வகை மூச்சு நிறுத்தம் உள்ள 1325 பேர். பாதிப் பேருக்கு ஏ.எஸ்.வி., மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து மட்டும். மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்தது, மூச்சு நிற்பது பெருமளவு குறைந்தது. ஆனால் இதயக் காரணத்தால் இறந்தவர்கள் மெஷின் போட்டவர்களில் 29.9%, போடாதவர்களில் 24%. காலத்தையும் கணக்கில் எடுத்தால் ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. மெஷின் தயாரிக்கும் நிறுவனத்தின் பணத்திலேயே நடந்த ஆய்வு அது. 2015 மே மாதத்தில் அவர்களே எச்சரிக்கை அனுப்பி, இப்படிப்பட்ட நோயாளிகளுக்குத் தர வேண்டாம் என்றார்கள். அதனால்தான் உறக்கக்கூடம் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னார். அவர் சொன்னது சரி.

இனி மூச்சு ஏன் நிற்கிறது என்பது. பலவீனமான இதயத்தால் ரத்தத்தை முன்னே தள்ள முடியாதபோது நுரையீரலில் நீர் தேங்குகிறது. அங்கே மிக நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கு அருகில் ஜே ஏற்பிகள் என்ற நரம்பு முனைகள் இருக்கின்றன. இவற்றை 1950களில் கண்டறிந்தவர் அவதார் சிங் பெயின்டல், பின்னாளில் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். நம் நாட்டு விஞ்ஞானி ஒருவரின் கண்டுபிடிப்பு இன்று உலகத்துப் பாடப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது என்பதை என் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். நீர் கோத்த நுரையீரலில் இந்த முனைகள் தூண்டப்பட்டு, மூச்சை வேகமாக விடு என்று மூளையை நச்சரிக்கின்றன. தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு குறையும். தூக்கத்தில் மூச்சை நடத்துவதே அந்தக் கார்பன்-டை-ஆக்சைடுதான். அது ஓர் அளவுக்குக் கீழே போனால் மூளை மூச்சை நிறுத்திவிடும்.

நின்ற மூச்சால் கார்பன்-டை-ஆக்சைடு மெல்ல ஏறும். ஆனால் அந்தச் செய்தி நுரையீரலில் இருந்து கழுத்திலும் மூளையிலும் உள்ள உணரிகளுக்குப் போக, மெதுவாக ஓடும் ரத்தத்தில் வெகுநேரம் பிடிக்கிறது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் கீழே கொட்டினால்தான் மோட்டாரை நிறுத்துகிறோம், குழாயில் காற்று வந்த பிறகுதான் மறுபடி போடுகிறோம் என்றால் எப்படி இருக்கும், அப்படி. எப்போதும் தாமதம், எப்போதும் அளவுக்கு மீறிய திருத்தம். ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு நிமிடம். இரவு முழுக்க இதேதான்.

அதனால் பம்பிங் குறைந்தவர்களிடம் இந்த மூச்சு பெரும்பாலும் இதயம் சரியாக இல்லை என்பதன் அறிகுறி. முதல் வைத்தியம் இதயத்துக்கு. நுரையீரலில் நீர் குறைந்தால், மருந்துகள் சரியான அளவுக்கு வந்தால், பலருக்கு மூச்சு தானே ஓரளவு ஒழுங்காகிறது.

கொள்ளிடக்கரை, நீங்கள் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம் என்பதில் மலைக்கோட்டையோடு நான் உடன்படுகிறேன். இரவில் எழுந்து உட்கார்கிறார், கால் வீங்குகிறது. இந்த வாரமே அவருடைய மருத்துவரைப் பாருங்கள். அந்த வீடியோவைக் கட்டாயம் காட்டுங்கள். பத்து நிமிடம் வாயால் விவரிப்பதைவிட இரண்டு நிமிட வீடியோ அதிகம் சொல்லும்.

பழைய வாத்தியார் | செவ்வாய், மாலை 5:40

டாக்டர், விளக்கத்துக்கு நன்றி. எனக்கும் இதயம் பலவீனம்தான், அதனால் ஊன்றிப் படித்தேன். மூச்சு சரியானது, ஆனாலும் சாவு கூடியது என்கிறீர்கள். காரணம் தெரிந்துவிட்டதா?

இடதுகீழறை | செவ்வாய், இரவு 9:05

ஐயா, இன்னும் ஒருமித்த பதில் இல்லை. இரண்டு விளக்கங்கள் பேசப்படுகின்றன. ஒன்று, இந்த ஏற்ற இறக்க மூச்சே தளர்ந்த இதயத்துக்கு உடம்பு கண்டுகொண்ட ஒரு சமாளிப்பு, அதைப் பலவந்தமாக நிறுத்தியது கெடுதலாயிற்று என்பது. மூச்சுத் தசைகளுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது என்கிறார்கள் இதைச் சொல்பவர்கள். மற்றது, மார்புக்குள் காற்றழுத்தம் கூடும்போது இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது, ஏற்கெனவே தள்ளாடும் இதயம் இன்னும் குறைவாகத் தள்ளுகிறது என்பது. பிற்பாடு விவரங்களைப் பிரித்துப் பார்த்தபோது, மருத்துவமனையில் சேராமலேயே திடீரென்று நேர்ந்த மரணங்கள்தான் கூடியிருந்தன, பம்பிங் மிகக் குறைந்தவர்களில் அது அதிகம். எனக்கு இரண்டாவது விளக்கத்தோடு இதயத் துடிப்புக் கோளாறும் சேர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது.

யாழ்மண் | புதன், காலை 4:30

டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கும் இதயம் பலவீனம், ஆனால் அவவுக்கு இருந்தது தொண்டை அடைக்கிற வகை. இதய நோயாளி என்றாலே மெஷின் கூடாது என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடைத்த தொண்டைக்கு எதிராக இழுக்கும்போது மார்புக்குள் பெரிய எதிர்மறை அழுத்தம் உண்டாகும், இதயம் அதையும் மீறி ரத்தத்தைத் தள்ள வேணும் என்று எங்கட டொக்டர் விளங்கப்படுத்தினவர். 2003ல் இதே டொராண்டோவில் இப்படி இரண்டு நோயும் சேர்ந்து இருந்த 24 பேரில் ஒரு சின்ன ஆய்வு செய்தவர்கள். ஒரு மாதம் சிபேப் போட்டவர்களுக்குப் பம்பிங் சராசரியாக 25ல் இருந்து 34 வீதத்துக்குக் கிட்ட வந்தது. ஆக்கள் குறைவு, காலமும் குறைவு. ஆனாலும் அம்மாவுக்கு சிபேப் நல்லாகவே உதவியது. இரவில் நித்திரை, காலையில் முகத்தில் தெளிவு, பிரஷரும் இறங்கியது.

இன்னொரு விஷயம். பகல் முழுக்கக் காலில் சேருகிற நீர், படுத்தவுடன் கழுத்துப் பக்கமும் நெஞ்சுப் பக்கமும் போகும். கழுத்தில் சேர்ந்தால் தொண்டை இன்னும் ஒடுங்கும், நெஞ்சில் சேர்ந்தால் அந்த மற்ற வகை கூடும். இதைப் பற்றியும் இங்கே நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அம்மாவைப் பின்னேரத்தில் நடக்கச் சொன்னார்கள். இறுக்கமான காலுறையும் தந்தார்கள், ஆனால் காலில் ரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகுதான்.

ஏ.எஸ்.வி. பற்றியும் ஒன்று. 2023 கடைசியில் அட்வென்ட்-ஹெச்.எஃப். என்ற அடுத்த ஆய்வு வந்தது, 731 பேர், இரண்டு வகை நோயாளிகளும் அதில். வேறு விதமாகக் காற்றை அளக்கிற மெஷின். அதில் சாவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நித்திரை மட்டும் நல்லாக இருந்தது. உறக்கக்கூடம் சொன்ன 2021 திரும்பப் பெறுதலால் அந்த ஆய்வை நினைத்த எண்ணிக்கைக்கு முன்னரே நிறுத்தவேண்டி வந்தது. டொக்டர் இதைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள்?

இடதுகீழறை | புதன், மதியம் 1:50

நல்ல கேள்வி. அட்வென்ட் ஆய்வில் சென்ட்ரல் வகை நோயாளிகள் 198 பேர்தான், மீதி எல்லோரும் தொண்டை அடைப்பு வகை. அந்தச் சிறு எண்ணிக்கையை வைத்து "இப்போது ஏ.எஸ்.வி. பயமில்லை" என்று நான் சொல்ல மாட்டேன். 2015ன் எச்சரிக்கை 30% பம்பிங் உள்ளவருக்கு இன்றும் பொருந்தும். தொண்டை அடைப்பு வகை என்றால் சிபேப் பற்றி யோசிக்கலாம், அதில் யாழ்மண் சொன்னது சரி. பம்பிங் குறைந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் ஏதோ ஒரு வகை மூச்சுக் கோளாறு இருக்கிறது, பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். எது அதிகம் என்று தெரியாமல் மெஷினைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பொன்னி | புதன், மாலை 6:25

கொள்ளிடக்கரை, அம்மாவை நினைத்தால் மனசு கனக்கிறது. என் வீட்டுக்காரருக்கும் இதே நிலைமை இருந்தது, நானும் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவள்தான். வீட்டில் நான் செய்கிறவற்றைச் சொல்கிறேன்.

மல்லாந்து படுத்தால் மூச்சு நிற்பது கூடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை கொடுத்தால் திரும்ப மாட்டார். தலைமாட்டை உயர்த்துங்கள். கழுத்தை மட்டும் மடக்கித் தலையணை அடுக்காமல், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தால் உடம்பு முழுக்கச் சாய்வாக இருக்கும்.

உப்புதான் பெரிய வேலை. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, தட்டோரத்தில் அப்பளமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்தால் என்ன பிரயோஜனம்? மோர் மிளகாய், வடகம், கருவாடு, பேக்கரி ரஸ்க், புளிக்காய்ச்சல் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. இட்லி மாவில் போடும் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நான் அவருக்கு மாவைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு உப்புப் போட்டுக் கரைப்பேன். முதல் சில வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார், அப்புறம் நாக்கு பழகிவிட்டது.

நீர் மாத்திரை இரண்டு வேளை என்றால் இரண்டாவது வேளையை இரவில் கொடுக்காமல் மதியம் மூன்று, நான்கு மணிக்குக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எங்களுக்கு அப்படி மாற்றியதும் இரவில் பாத்ரூமுக்கு எழுந்திருப்பது பாதியாகக் குறைந்தது. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுமுன் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே போன் செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இடதுகீழறை | புதன், மாலை 7:10

பொன்னி அம்மா சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இதய நோயாளிகள் பலர் போடும் ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் துடிப்பே தாறுமாறாகலாம்.

கொள்ளிடக்கரை | புதன், இரவு 10:30

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மெஷின் பேச்சை நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டோம். ஒரு சந்தேகம். அப்பா போடும் மாத்திரைகளில் டிகாக்ரிலார் என்று ஒன்று காலை, மாலை இரண்டு வேளை. தூக்கம் வரவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அல்பிரசோலாம் அரை மாத்திரையும் சில நாளாகப் போடுகிறார். இவற்றுக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் உண்டா?

இடதுகீழறை | புதன், இரவு 10:55

இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம். நல்ல வேளை கேட்டீர்கள்.

தூக்க மாத்திரை மூச்சின் கட்டுப்பாட்டை மந்தமாக்கும், தொண்டைச் சதையையும் தளர்த்தும். டாக்டர் எழுதித் தராமல் இப்படிப்பட்ட நோயாளி அதைப் போடவே கூடாது. சில நாளாகத்தான் என்பதால் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தலாம். மாதக்கணக்கில் போட்டுவந்தவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான். மதுவுக்கும் இதே எச்சரிக்கை.

டிகாக்ரிலார் சிலருக்கு மூச்சுத் திணறல் உணர்வைத் தரும். சிலருக்கு சென்ட்ரல் வகை மூச்சு நிறுத்தம், செயின் ஸ்டோக்ஸ் மூச்சு வருவதாகவும் மருந்தின் குறிப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக் காலை அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்தால் உயிருக்கே ஆபத்து. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கேளுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உறக்கக்கூடம் | வியாழன், காலை 6:20

டாக்டர் கோபிக்கக் கூடாது, ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். முதலில் இதய மருந்து, பிறகு பார்க்கலாம் என்று சொல்லும்போது ஸ்லீப் ஸ்டடி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. இப்போதே ஒரு ஸ்டடி எடுத்துவிட்டால் எந்த வகை, எவ்வளவு என்று கையில் இருக்கும். மருந்து மாற்றிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதய நோயாளிகள் பலர் பகலில் தூங்கி வழிய மாட்டார்கள், நரம்பு மண்டலம் எப்போதும் முடுக்கிவிட்ட நிலையிலேயே இருக்கிறது. பகல் தூக்கம் இல்லை என்று சொல்லியே பலரை டெஸ்டுக்கு அனுப்பாமல் விடுகிறார்கள்.

விரலில் ஆக்ஸிமீட்டர் மட்டும் மாட்டி வீட்டில் பார்த்தால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் இறங்கியது தெரியும், தொண்டை அடைத்ததா, கட்டளை வரவில்லையா என்பது தெரியாது. மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்டிப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். பம்பிங் குறைந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கி எடுப்பதே நல்லது.

இடதுகீழறை | வியாழன், மதியம் 3:00

கோபம் எதற்கு? என் தயக்கம் இதுதான்: நீர் கோத்திருக்கும்போது எடுத்த ஸ்டடி, நீர் இறங்கிய பிறகு வேறு மாதிரி வரும். அதை வைத்து அவசரமாக மெஷின் எழுதிவிடுகிறார்கள். செலவும் குடும்பத்துக்குச் சுமை. படுத்தால் மூச்சுத் திணறுகிற நிலையில் இருப்பவரை ஸ்டடிக்கு அனுப்ப மாட்டேன், முதலில் நீரை இறக்குவேன். ஆனால் ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும் என்கிற உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இவருடைய மருத்துவர் நேரில் பார்த்து முடிவெடுக்கட்டும்.

கொள்ளிடக்கரை | அடுத்த மாதம், ஞாயிறு காலை 9:15

நிறையப் பேர் தனிச்செய்தியில் விசாரித்தீர்கள், இங்கேயே எழுதுகிறேன்.

டாக்டர் வீடியோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். நுரையீரலில் நீர் இருக்கிறது என்று நீர் மாத்திரையைக் கூட்டினார். எடை மூன்று கிலோ இறங்கியது, கால் வீக்கம் போய்விட்டது. அதன் பிறகு ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். மணிக்குச் சராசரியாக 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது, அதில் முக்கால்வாசி சென்ட்ரல் வகை. 30க்கு மேல் என்றால் கடுமையானது என்றார்கள். ராமிப்ரிலை நிறுத்தி ஒன்றரை நாள் இடைவெளி விட்டு சக்யூபிட்ரில்-வல்சார்டன் என்ற இதய மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள். டாபாகிளிஃப்ளோசின் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரை இல்லாதவருக்கு எதற்குச் சர்க்கரை மாத்திரை என்று அம்மா கேட்டார், இதயத்துக்கும் அது மருந்துதான் என்று விளக்கினார்கள். டிகாக்ரிலாருக்குப் பதில் குளோபிடோக்ரெல். தூக்க மாத்திரை கிடையாது. மெஷின் இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்து எக்கோவும் ஸ்டடியும் மறுபடி எடுப்போம் என்றார்.

அப்பா இப்போது இரவில் எழுந்து உட்கார்வதில்லை. ஆனால் மூச்சு இன்னும் நிற்கத்தான் செய்கிறது, முன்னைவிடக் குறைவாக. மூன்று மாதத்துக்குப் பிறகும் இப்படியே இருந்தால் என்ன வழி? வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் கிடைக்கிறதே, அது உதவுமா?

இடதுகீழறை | ஞாயிறு, மதியம் 12:40

கேட்கவே நிறைவாக இருக்கிறது. சரியான பாதையில் போகிறீர்கள். சிலருக்குப் புது மருந்துகளில் மூச்சு நிறுத்தமும் குறைகிறது, பம்பிங்கும் ஏறுகிறது. அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

இரவில் ஆக்சிஜன் கொடுத்தால் இறக்கங்கள் குறையும், சிலருக்கு மூச்சு நிறுத்தமே குறையும். ஆனால் ஆயுளைக் கூட்டும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. டாக்டர் சொல்லாமல் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் கடுமையாக இருந்தால் சிபேப்பை ஆஸ்பத்திரியில் வைத்து முயன்று பார்ப்பார்கள். அதற்கும் வரலாறு உண்டு. 2005ல் கனடாவில் முடிந்த கேன்பேப் ஆய்வில் 258 பேர், மொத்தத்தில் சிபேப்பால் ஆயுள் கூடவில்லை. ஆனால் யாருக்கு மூச்சு நிறுத்தம் மணிக்கு 15க்குக் கீழே வந்ததோ அவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று பிறகு பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. எனவே மாட்டிப் பார்த்து, குறைந்தால் தொடர்வது, குறையாவிட்டால் விட்டுவிடுவது. உதரவிதானம் என்ற மூச்சிழுக்கும் தசையின் நரம்பைத் தூண்டும் சிறு கருவியைத் தோலுக்கு அடியில் பொருத்தும் முறைக்கு அமெரிக்காவில் 2017ல் அனுமதி கிடைத்தது. நம்மூரில் அது எளிதில் கிடைக்கிற சிகிச்சை அல்ல, செலவும் மிக அதிகம்.

ஒன்றை அம்மாவிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் இப்படி நின்று வரும் மூச்சு தானாகத் திரும்ப வரும். ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உட்கார்ந்தும் திணறல் அடங்காவிட்டாலோ, நுரை நுரையாகச் சளி வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மயக்கம், நெஞ்சு வலி வந்தாலோ மட்டும் தாமதிக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். அம்மாவும் தூங்க வேண்டும்.

பழைய வாத்தியார் | ஞாயிறு, மாலை 4:20

இந்த இழையைப் படித்த பிறகு என் மனைவியிடம் கேட்டேன். எனக்கும் அப்படித்தான் நிற்கிறதாம், பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாராம். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகிறோம், வீடியோ எடுத்துவைத்தாயிற்று.

மலைக்கோட்டை | ஞாயிறு, இரவு 8:05

வாத்தியார் ஐயா, நல்லபடியாகப் போய்வாருங்கள். கொள்ளிடக்கரை, பின்னால் சிபேப் முயற்சிக்கச் சொன்னால் மாஸ்க் தேர்வு பற்றி என்னிடம் கேளுங்கள். மீசை, தாடி, மூக்கடைப்பு எல்லாவற்றையும் பார்த்து மாஸ்க் எடுக்க வேண்டும், அதில்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது, இன்வெர்ட்டரில் ஈரப்பதம் தரும் ஹீட்டரை ஏன் அணைத்துவைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

உறக்கக்கூடம் | திங்கள், காலை 6:05

சகோதரி, வாத்தியார் ஐயா, ஸ்டடிக்குப் போகும்போது சில விஷயங்கள். அன்று காலையில் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் போகச் சொல்லுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் தலையில் ஒயர் ஒட்டாது. மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். இரவு மாத்திரைகளை வழக்கம்போலவே போட வேண்டும், டெஸ்டுக்காக எதையும் நிறுத்தக் கூடாது. மாத்திரைச் சீட்டையும் கடைசி எக்கோ ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். பம்பிங் எவ்வளவு என்பதை மெஷினைத் தொடுவதற்கு முன்னால் டெக்னீஷியனிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.